முகத்துக்குச் சாயமா வலையா, லென்ஸில் படியும் ஆவிக்கு என்ன வழி?

போன தை மாதம் பாகூர் ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பறவை பார்க்க ஒளிந்து உட்காருகிறவருக்கு முகத்தை மறைப்பதும் லென்ஸைக் காப்பதும் ஒரே கேள்விதான் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். சென்னையிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். புதுச்சேரியில் ஒரு விடுதியில் ஏசி அறை. விடியற்காலை ஐந்து மணிக்கு அழைத்துப்போக நான் பைக்கில் போனபோது முகம் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகப் பூசிக்கொண்டு வாசலில் தயாராக நின்றான். இணையத்தில் வாங்கிய மெழுகுக் குச்சி, வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது. ஆறு மணிக்கு மதகுப் பக்கம் கோரைக்குள் உட்கார்ந்தோம். எதிரே நட்டிருந்த கழியில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று வந்து உட்கார்ந்தது, இருபது அடிகூட இருக்காது. பையைத் திறந்து கேமராவை எடுத்த அடுத்த நொடி முன்கண்ணாடி பால் ஊற்றினதுபோல வெளுத்துவிட்டது. "மாமா, ஒண்ணுமே தெரியல மாமா" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் கிடந்த துண்டால் துடைத்தான். அந்தத் துண்டால்தான் வழியெல்லாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தான், அதில் இருந்த மெழுகுச் சாயம் அப்படியே லென்ஸில் ஏறிவிட்டது. ஆவி கால் மணி நேரத்தில் தானாகப் போய்விட்டது, எண்ணெய்ப் படலம் போகவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சுத்தம் செய்ய ஒரு சாயங்காலம் ஆனது.

முகத்துக்கு எதைப் போடலாம் என்று தனியாகவும், லென்ஸ் மங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று தனியாகவும் கேட்பதுதான் நம் வழக்கம். ஆனால் நம் கடற்கரையில், கடலூர் புதுச்சேரிப் பக்கத்தில், முகத்தில் எதைப் பூசினாலும் வியர்வையோடு இறங்கி ஒரு மணி நேரத்தில் கண்ணாடிக்கு வந்துவிடும். மூக்கை மூடி எதைக் கட்டினாலும் உங்கள் மூச்சைத் திருப்பி அதே கண்ணாடிக்குத்தான் அனுப்பும். ஒன்றை முடிவு செய்யும்போதே மற்றதையும் சேர்த்து முடிவு செய்தாக வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் இந்தச் சாயங்களும் முகமூடிகளும் ஆவி தடுக்கும் மருந்துகளும் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மான், வாத்து, வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. நமக்கு 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இங்கே வேட்டை குற்றம், நாம் ஒளிந்து உட்காருவது பைனாகுலரோடும் கேமராவோடும்தான். ஒளிந்துகொள்ளும் கலை இரண்டுக்கும் ஒன்று, ஆனால் வானிலை வேறு. அவர்கள் உறைபனிக் குளிரில் உட்கார்ந்து, வாயிலிருந்து வரும் புகைமூச்சு கண்ணாடியில் படிவதோடு போராடுகிறார்கள். அவர்கள் முகத்தில் சாயம் நாள் முழுக்க நிற்கும், ஏனென்றால் வியர்வை இல்லை. அவர்கள் எழுதும் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான்.

சரி, முகத்தை மறைக்கத்தான் வேண்டுமா? இதற்கு என் பதில் தூரத்தைப் பொறுத்தது. ஊசுட்டேரிக் கரையில் நின்றுகொண்டு நடு ஏரியில் மிதக்கும் ஊசிவால் வாத்துகளையும் நாமக்கோழிகளையும் பைனாகுலரில் பார்க்கிறவருக்கு முகச்சாயத்தால் ஒரு பலனும் இல்லை. பறவை இருப்பது நூறு இருநூறு மீட்டர் தள்ளி. அங்கே தொப்பியும், வெளுப்பில்லாத சட்டையும், கையை மெதுவாகத் தூக்கும் பழக்கமும் போதும். பிச்சாவரத்தில் படகில் போகிறவருக்கும் அதேதான். படகே தெரியும்போது முகத்தை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் வரப்போரமாக, மதகோரமாக, கோரைக்குள்ளே பதினைந்து இருபது அடியில் மீன்கொத்திக்கோ முக்குளிப்பானுக்கோ காத்திருக்கிறீர்கள் என்றால் முகம் முக்கியம். பறவைகளுக்கு நம்மைவிட ஒரு நிற உணர்வி கூடுதல், நமக்கு மூன்று வகைக் கூம்புச் செல்கள் என்றால் அவற்றுக்கு நான்கு, பலவற்றுக்குப் புற ஊதாவும் தெரியும். வாத்துகளுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நம் தோல் மாநிறமோ கருப்போ, அதிலிருக்கும் எண்ணெயும் வியர்வையும் காலை வெயிலில் மினுங்கும். நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, முகவாய், இந்த நான்கு இடமும்தான் கண்ணாடித் துண்டு மாதிரி காட்டிக்கொடுக்கும். கருப்பாக இருந்தால் பூச வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. நிறத்தைவிட மினுமினுப்பும் அசைவும்தான் பறவையை எழுப்பும்.

இப்போது சாயத்துக்கு வருவோம். மூன்று நான்கு வகை கிடைக்கிறது, நான் எல்லாவற்றையும் இந்த ஊர் வெயிலில் பூசிப் பார்த்திருக்கிறேன்.

மெழுகுக் குச்சியும், சின்னக் கண்ணாடி வைத்த டப்பாவில் வரும் கிரீமும் அடிப்படையில் ஒன்றுதான், மெழுகிலோ எண்ணெயிலோ இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளைக் குழைத்தது. மறைப்பதில் இதற்கு நிகர் இல்லை. ராணுவத்தில் சொல்லித்தரும் முறையே இதற்கும் பொருந்தும்: மேடான இடங்களில் அடர் நிறம், பள்ளமான இடங்களில், அதாவது கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, முகவாய்க்கு அடியில், வெளிர் நிறம். நிழல் விழும் இடத்தை வெளிறச் செய்து, வெளிச்சம் விழும் இடத்தை இருளச் செய்தால் முகம் என்ற வடிவமே கலைந்துவிடும். முழு முகத்தையும் ஒரே பச்சையாகப் பூசினால் பச்சை முகமாகத்தான் தெரியும். கழுத்தையும் காதையும் புறங்கையையும் மறக்கக் கூடாது, கேமராவைப் பிடிக்கும் கைதான் அதிகம் அசைகிறது. சரி, குறை என்ன? டிசம்பர் ஜனவரியில் எட்டு மணி வரை தாங்கும், அப்புறம் இளகி ஓடும். பங்குனி சித்திரையில் பூசின அரை மணியில் புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கும். கண் எரியும்போது கையால் தேய்ப்பீர்கள், அதே கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவீர்கள். பைனாகுலரில் கண்ணை வைக்கும் ரப்பர் விளிம்பு, அதாவது கண்குழி, முழுக்க அது ஏறி, அங்கிருந்து கண்ணாடிக்குப் போகும். தண்ணீரால் போகாது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போட வேண்டும், இரண்டு தரம். வேர்க்குரு வருகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பேன், துவாரத்தை அடைத்துவிடுகிறது.

தண்ணீரில் கரைத்துப் பூசும் சாயம் கண்ணாடிக்கு நல்லது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். அதே காரணத்தால் முகத்திலும் நிற்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கோடு கோடாக வழிந்துவிடும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு இதைச் சிபாரிசு செய்வேன், கடலூருக்குச் செய்ய மாட்டேன்.

கரியைக் குழைத்துப் பூசுவது பழைய வழி. பாகூர்ப் பக்கம் கூத்துக் கட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன், ராத்திரி முழுக்க ஆடுகிறவர்களுக்கு முகத்தில் சாயம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதலில் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, அதன் மேல்தான் நிறம் ஏற்றுவார்களாம், கடைசியில் மேலே தூளைத் தூவி எண்ணெயைக் கட்டிவிடுவார்களாம். அந்தத் தூள் தூவுகிற விஷயம் எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. மெழுகுக் குச்சி பூசின பிறகு அதன் மேல் வாசனையில்லாத பவுடரைக் கொஞ்சம் ஒற்றினால் மினுமினுப்பும் அடங்குகிறது, இன்னொரு ஒரு மணி நேரமும் நிற்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அரிதாரம் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி முகத்தில் பூசிவிடாதீர்கள். அந்தப் பெயருக்குரிய தாது ஆர்செனிக் சேர்ந்தது, நஞ்சு. 

முல்தானி மட்டியையும் சோதித்தேன். மினுமினுப்பை உடனே கொல்லும், நிறமும் வரப்பு மண் மாதிரியே இருக்கும், தோலுக்கும் கெடுதல் இல்லை. காய்ந்ததும் உதிர்கிறது என்பதுதான் பிரச்சினை. உதிர்ந்த மண்தூள் கண்குழியில் சேர்ந்து, அதை அறியாமல் துணியால் துடைத்தால் லென்ஸின் பூச்சில் கீறல் விழும். கேமரா வைத்திருப்பவர்கள் தொட வேண்டாம். வெறும் கண்ணால் பறவை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முகச்சாயம் கிடையாது.

பிச்சாவரம் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இலையைக் கசக்கிப் பச்சை ஏற்றிக்கொள்ளலாம், கிளையை ஒடித்துத் தொப்பியில் செருகிக்கொள்ளலாம் என்று தோன்றும். அலையாத்திக் காட்டில் தில்லை மரமும் இருக்கிறது, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த அதே மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். எந்த இலை எது என்று தெரியாமல் முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மரத்தை ஒடிப்பதும் தப்பு.

துணி வகைக்கு வந்தால், முதலில் எல்லாரும் எடுப்பது கழுத்திலிருந்து மூக்கு வரை இழுத்துவிடும் பஃப் துணி, இல்லாவிட்டால் வீட்டுத் துண்டு. விலை குறைவு, துவைக்கலாம், வெயிலுக்கும் நல்லது. ஆனால் ஆவிக்கு இதைவிட மோசமான கூட்டாளி கிடையாது. மூக்கை மூடினதும் மூச்சு மேல்பக்கமாகத்தான் வெளியேறும், நேரே கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இடையில். கொரோனா காலத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடி மங்கினது எல்லாருக்கும் நினைவிருக்கும், அதேதான் இது. என்னைப்போல மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரட்டைத் தொல்லை, கண்ணாடியும் மங்கும், அதற்கு முன்னால் இருக்கும் பைனாகுலரும் மங்கும். பஃப் போட்டே தீருவேன் என்றால் மூக்கை வெளியே விட்டு மேலுதட்டுக்குக் கீழே நிறுத்துங்கள், மூக்குத் தண்டில் மட்டும் ஒரு விரல் சாயம் ஒற்றிக்கொள்ளுங்கள். ஒரு விரல் சாயம் வழிந்து கண்ணுக்கு வராது.

வலைத்துணிதான் என் தேர்வு, காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அகல விளிம்புத் தொப்பியின் மேலிருந்து தோள் வரை தொங்கும் மெல்லிய வலை, பச்சையோ பழுப்போ. தேன் எடுப்பவர்கள் போட்டுக்கொள்வது மாதிரி, ஆனால் இன்னும் மெல்லிசாக. காற்று உள்ளே போய் வருகிறது, மூச்சு எங்கேயும் தேங்குவதில்லை, வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, முகத்தில் எதுவுமே பூசாததால் கண்ணாடிக்கு எதுவும் போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கொசு. காலை ஐந்தரை மணிக்குக் கோரைக்குள் உட்கார்ந்தவருக்குத் தெரியும் கொசு என்றால் என்ன என்று. சாயம் பூசினவர் அதன் மேலே கொசு மருந்தையும் பூச வேண்டும். டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கும் குணமுள்ளது, பைனாகுலரின் மேலுறை பிசுபிசுவென்று ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். வலை போட்டவருக்கு முகத்தில் அந்த மருந்தே தேவைப்படாது, புறங்கைக்கு மெல்லிய பருத்திக் கையுறை போதும்.

வலையில் குறை இல்லாமல் இல்லை. அதன் வழியே பைனாகுலரில் பார்க்க முடியாது, கண்ணுக்கு நேரே ஒரு திறப்பு வேண்டும். கடையில் விற்கும் சிலவற்றில் திறப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் தையற்காரரிடம் கொடுத்து எட்டு அங்குல அகலம், மூன்று அங்குல உயரத்துக்கு வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்தேன். பளபளக்கும் நைலான் கொசுவலையை வாங்காதீர்கள், வெயிலில் மின்னும். முள்ளில் மாட்டும், வேலிக்காத்தான் பக்கம் நடக்கும்போது சுருட்டித் தொப்பி மேலே போட்டுக்கொள்ள வேண்டும். திறப்பு வழியே தெரியும் கண்ணோரத்துக்கு விருப்பமிருந்தால் கொஞ்சம் கரி ஒற்றலாம். அது போதும்.

மனிதர்களையும் நினைக்க வேண்டும். விடியும் நேரத்தில் வரப்பில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர், மாடு ஓட்டி வரும் பெண், ஏரியில் வலை போட வருகிறவர், இவர்கள் எதிரே பச்சை முகத்தோடு கோரையிலிருந்து எழுந்து நின்றால் பயந்துபோவார்கள். எனக்கு இது பெரிய விஷயம். அந்த ஏரி அவர்களுடையது, நாம் விருந்தாளிகள். வலையை ஒரே கையால் தூக்கி முகத்தைக் காட்டி "பறவை பார்க்க வந்தோம் அண்ணே" என்று சொல்லலாம், சாயத்தை அப்படித் தூக்க முடியாது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-லும், மரக்காணம் பக்கத்துக் கழுவெளிச் சதுப்பு 2021-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே வனத்துறைக்காரர்கள் கேட்டால் முகம் தெரிய நின்று பதில் சொல்வதுதான் மரியாதை. அதே காரணத்துக்காக ராணுவ அச்சுப் போட்ட துணியும் வேண்டாம், மண் நிறச் சட்டை போதும்.

ஆவி விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது.

கண்ணாடி எப்போது மங்குகிறது? சுற்றியிருக்கும் காற்றின் பனிநிலையைவிடக் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. காற்றிலிருக்கும் நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிநிலை. காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 22 டிகிரி. இது நம் பக்கத்து மார்கழி தை விடியலில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய நிலை. கோடையில் 28 டிகிரியும் 85 விழுக்காடும் என்றால் பனிநிலை 25-ஐத் தாண்டிவிடும். இப்போது அந்த விடுதி அறையை நினைத்துப் பாருங்கள், ஏசி 18-லோ 20-லோ ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது, கேமராவும் அந்தக் குளிரில் ஊறியிருக்கிறது. தடித்த பஞ்சு வைத்த பைக்குள் இருப்பதால் வழியிலும் சூடேறவில்லை. வெளியே எடுத்தவுடன் மங்காமல் என்ன செய்யும்? குளிர் நாட்டில் வெளியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவரும்போது மங்கும், நமக்கு வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது மங்குகிறது, எல்லாம் தலைகீழ்.

அதனால் முதல் வழி, செலவே இல்லாத வழி, பைனாகுலரையும் கேமராவையும் ஏசி அறையில் தூங்க வைக்காமல் இருப்பது. ஏசி இல்லாத கூடத்தில், மூடின டப்பாவில் வையுங்கள். விடுதியில் அது முடியாது என்றால் கிளம்புவதற்கு முன்பு அறைக்குள்ளேயே ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடிவிடுங்கள். வெளியே வந்து முப்பது நாற்பது நிமிடம் பையைத் திறக்கக் கூடாது. ஈரம் பையின் மேல் படியும், உள்ளே இருக்கும் கண்ணாடியில் படியாது. தூரத்தில் இருப்பதை எடுக்கும் பெரிய டெலி லென்ஸ் என்றால் இன்னும் நேரம் எடுக்கும், கண்ணாடியும் உலோகமும் அதிகம். காரில் போகிறவர்கள் கடைசி இருபது நிமிடம் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போங்கள். குளிர்ந்த கேமராவில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள், ஈரம் சென்சாரிலேயே படிந்துவிடும். பைக்கில் போகிற, ஏசி இல்லாத வீட்டில் தூங்குகிற எனக்கு இந்தத் தொல்லை அநேகமாக வந்ததே இல்லை.

ஆவி தடுக்கும் திரவம், தெளிப்பான், நனைத்த துணி, இவை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சோப்புக் குணமுள்ள ஒரு பொருள் கண்ணாடியில் படிந்து, நீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவச் செய்கிறது. துளிகள்தான் ஒளியைச் சிதறடிக்கும், படலம் சிதறடிக்காது. மூக்குக்கண்ணாடிக்கு இது நன்றாக வேலை செய்கிறது, என் கண்ணாடிக்கு நானே போடுகிறேன். பைனாகுலரின் கண்பக்க லென்ஸுக்கு, அதைச் செய்த நிறுவனம் சரி என்று சொல்லியிருந்தால் மட்டும் போடலாம். கேமரா லென்ஸின் முன்கண்ணாடிக்கு வேண்டவே வேண்டாம், சமமாகப் பரவாவிட்டால் படம் கலங்கும், தூசியும் ஒட்டும். எச்சில், ஷாம்பு, பற்பசை, வெட்டின உருளைக்கிழங்கு என்று வீட்டு வைத்தியங்கள் நிறையச் சொல்வார்கள். முத்துக்குளிக்கிறவர் முகக்கண்ணாடிக்கு எச்சில் சரி, அது வெறும் கண்ணாடி. லென்ஸில் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது, பற்பசை அதைத் தேய்த்துவிடும்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. புஷ்னெல் நிறுவனத்தின் ரெயின்கார்டு மாதிரியான பூச்சுகள் நீரைப் பரவ விடாமல் மிகச் சின்னத் துளிகளாக உடைத்து உருட்டிவிடும், லென்ஸ் நனைந்தாலும் பார்க்க முடியும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே போகிறவருக்கு அது நல்ல பலன். பைனாகுலர் வாங்கும்போதே அந்தப் பூச்சோடு வருவதை எடுக்கலாம், பிறகு போட்டுக்கொள்ள முடியாது.

விற்பவர்கள் நைட்ரஜன் நிரப்பியது, ஆவி படியாது என்று சொல்வார்கள். அது உண்மை, ஆனால் உள்பக்கத்துக்கு மட்டும். நைட்ரஜனோ ஆர்கானோ ஈரமில்லாத வாயு, உள்ளே இருக்கும் கண்ணாடிகள் மங்காது, பூஞ்சையும் எளிதில் வராது. வெளிப்பக்கம் எந்த விலையிலும் மங்கத்தான் செய்யும். வாங்கி வந்தவர் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அது செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் பத்து வருஷம் ஒரு பைனாகுலர் நிற்க வேண்டும் என்றால் நைட்ரஜன் நிரப்பியதைத்தான் வாங்கச் சொல்வேன், தினசரி ஆவிக்காக இல்லை, பூஞ்சைக்காக.

யுஎஸ்பி பவர் பேங்கில் ஓடும் லென்ஸ் சூடாக்கும் பட்டை ஒன்று இருக்கிறது, ராத்திரி வானத்தைப் படம் எடுப்பவர்கள் வைத்திருப்பார்கள். திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் லென்ஸ் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அதனால்தான் மார்கழியில் முக்காலியும் புல்லும் நனைந்து கிடக்கின்றன. நான்கு மணியிலிருந்து லென்ஸை விரித்து வைத்துக்கொண்டு மறைவில் காத்திருப்பவருக்கு அது உபயோகம். மற்றவர்களுக்கு லென்ஸ் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைப்பதே போதும், லென்ஸின் முனையில் குழாய் மாதிரி நீளமான ஹுட் மாட்டியிருந்தால் இன்னும் நல்லது.

மூச்சு விடும் விதத்தையும் பழக வேண்டும். பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது வாய் வழியாக, கீழுதட்டைக் கொஞ்சம் உள்ளிழுத்து, கீழ்நோக்கி விடுங்கள். கண்குழியை முகத்தோடு ஒட்ட அழுத்தாதீர்கள். கண்ணைச் சுற்றியுள்ள வியர்வையே உள்ளே ஆவியாகும், ஒரு நூல் இடைவெளி விட்டால் காற்று போய் வரும். சாயம் பூசாத முகம் என்றால் இந்த இடைவெளியில் கண்குழி அழுக்காவதும் இல்லை.

இனி என் முடிவைச் சொல்கிறேன். ஊசுட்டேரி, பெருமாள் ஏரி, வீராணம் என்று பெரிய ஏரிகளில் கரையில் நின்று பார்ப்பவர் முகத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம், அந்தப் பணத்தை ஒரு காற்றுப் புகாத டப்பாவுக்கும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுக்கும் போடுங்கள். கோரைக்குள்ளும் வரப்பிலும் உட்காருபவர் வலைத்தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணோரத்துக்கு மட்டும் சாயம், கேமரா ஜிப் பையில். கூடாரம் போல மறைவு போட்டு உள்ளே உட்காருபவருக்கு வலைகூடத் தேவைப்படாது, திறப்பிலிருந்து ஒரு கை தூரம் பின்னால் இருட்டில் உட்கார்ந்தால் போதும். தை மாதத்தில் இரண்டு மணி நேரம் மட்டும், நிழலில், ஒரே ஒரு பறவைக்காக என்றால் மெழுகுச் சாயம் பூசலாம். அப்போது இரண்டு துண்டு எடுத்துப் போங்கள், ஒன்று முகத்துக்கு, இன்னொன்று ஜிப் பையில் மூடின லென்ஸ் துணி, இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

பிச்சாவரத்திலிருந்தும் கழுவெளியிலிருந்தும் திரும்பினவர்கள் அன்றைக்கே ஒரு வேலை செய்ய வேண்டும். உப்புக் காற்றில் நின்ற லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் இருக்கும், அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு சுத்தமான நீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம்தான் லென்ஸ் திரவம். காய்ந்த பிறகு டப்பாவுக்குள், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், ஒரு சின்ன ஈரப்பதமானி போட்டு வைத்தால் தெரியும். தோல் உறையிலும் துணி அலமாரியிலும் வைக்காதீர்கள், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும், பிடித்தால் அது சுரக்கும் அமிலம் பூச்சையே அரித்துவிடும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினதும் 120 டிகிரி அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உயிர் பெறும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் தோசை ஊற்றும் கல்லில் வைக்காமல் அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்குங்கள், முடிந்தால் ஆரஞ்சு மணிகளாகவே வாங்குங்கள்.

வலைத்துணியை வெறும் தண்ணீரில் அலசினால் போதும். சலவைத்தூளில் வெண்மை கூட்டும் பொருள் கலந்திருக்கும், அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக வெளிவிடும். துவைத்துத் துவைத்து நம் கண்ணுக்கு அதே பழுப்பாக இருக்கும் துணி, மீன்கொத்தியின் கண்ணுக்கு வேறாகத் தெரியலாம். மனைவியின் தம்பிக்கு மாசி மாதம் ஒரு வலைத்தொப்பி தைத்துக் கொடுத்தபோது நான் முதலில் சொன்னது இதைத்தான்.